குவானாஹுவாத்தோவுக்குத் தனியாகப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் நடுப்பகுதியில், மலை இடுக்கில் கிடக்கும் ஒரு பழைய வெள்ளிச் சுரங்க ஊர் குவானாஹுவாத்தோ. நான் அங்கே இரண்டு தடவை தனியாகப் போய் வந்தேன், மொத்தம் 11 நாள். திரும்பி வந்ததிலிருந்து தோழிகளும் சித்தி பெண்ணும் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்களும் ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன்.

பெயரை முதலில் எப்படிச் சொல்வது?

குவானாஹுவாத்தோ. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஜ' போட்டுவிடாதீர்கள், ஸ்பானிய மொழியில் அந்த எழுத்துக்கு 'ஹ' ஒலிதான். பெயர் ஸ்பானிய மொழியிலிருந்து வந்ததும் அல்ல. புரேபெச்சா என்ற பழங்குடி மொழியில் 'தவளைக் குன்று' என்று பொருள் சொல்கிறார்கள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் கல் தவளைகள் உட்கார்ந்திருப்பது அதனால்தான். ஒன்றை நினைவில் வையுங்கள்: மாநிலத்துக்கும் இதே பெயர், அதன் தலைநகரான இந்த ஊருக்கும் இதே பெயர். பாதுகாப்பு பற்றிய கேள்வியில் இந்தக் குழப்பம் திரும்ப வரும்.

மெக்சிகோவில் எத்தனையோ ஊர் இருக்க, இது ஏன்?

ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தில் கட்டிய ஊர்கள் பெரும்பாலும் சதுரங்கக் கட்டம் போல இருக்கும். நடுவில் ஒரு சதுக்கம், நான்கு பக்கமும் நேர்த் தெருக்கள். இங்கே அது நடக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் வெள்ளி கிடைத்ததும் ஆட்கள் ஓடி வந்து, மலைச் சரிவில் கிடைத்த இடத்தில் வீடு கட்டினார்கள். ஒரு வீட்டின் மொட்டை மாடிக்கு நேராக அடுத்த வீட்டின் வாசல். மஞ்சள், காவி, நீலம், ரோஜா நிறங்களில் சுவர்கள். 1988இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

என்னை இழுத்தது நிறங்கள் அல்ல, தரைக்கு அடியில் இருக்கும் ஊர். முன்பு ஊருக்கு நடுவே ஓர் ஆறு ஓடியது. மழைக்காலத்தில் வெள்ளம் வரும், வீடுகளை மூழ்கடிக்கும். மக்கள் அதே சுவர்களின் மேல் இன்னும் உயரமாகக் கட்டிக்கொள்வார்கள். 1905இல் வந்த பெருவெள்ளம் பெரிய சேதத்தை உண்டாக்கியது. அதன்பிறகு ஆற்று நீரைத் திருப்பிவிட ஆழத்தில் ஒரு சுரங்கம் வெட்டினார்கள். பழைய ஆற்றுப்படுகை வறண்டது. 1960களில் அதையே சாலையாக மாற்றிவிட்டார்கள். இன்று கார்களும் பஸ்களும் ஆறு ஓடிய பாதையில், கல் வளைவுகளுக்குக் கீழே ஓடுகின்றன. மேலே நடப்பவர்களுக்கு வண்டித் தொல்லை பெரும்பாலும் இல்லை. இந்தச் சுரங்கச் சாலையில் ஓரமாக நடைபாதை இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் பழைய பாலங்களின் அடிப்பகுதி தெரியும், அவற்றின் மேல் யாரோ ஒருவருடைய சமையலறை இருக்கும்.

தனியாகப் போகிறவருக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், இந்த ஊருக்கு வண்டியும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம், கால் மட்டும் போதும். பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடக்கிற தூரத்தில்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர், அதாவது கொடைக்கானல் உயரம். முதல் நாள் படியேறும்போது மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

விசா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா கையில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா எடுக்கத் தேவையில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் இதே கதைதான். விதிகள் மாறுபவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதிகபட்சம் 180 நாள் தருவார்கள், ஆனால் எத்தனை நாள் என்பதை முடிவு செய்பவர் கவுண்டரில் இருக்கும் அதிகாரி. முத்திரையில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு நகருங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

இரண்டு வழி. மெக்சிகோ சிட்டியின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து முதல் வகுப்புப் பஸ், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இருக்கை நன்றாகச் சாயும், நம் ஊர் வால்வோ பஸ்ஸைவிட வசதி. இல்லையென்றால் சிலாவோ ஊருக்கு அருகில் உள்ள பாஹியோ விமான நிலையம், அங்கிருந்து டாக்ஸி. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு டாலஸிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் நேரடி விமானம் உண்டு.

குவானாஹுவாத்தோ பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. வாசலிலேயே நகரப் பஸ் வரும், கண்ணாடியில் 'சென்த்ரோ' (நடு ஊர்) என்று எழுதியிருக்கும். சில்லறை பெசோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண் தனியாகப் போவது பாதுகாப்பா? செய்தியில் என்னென்னவோ வருகிறதே?

செய்தியில் வருவது பொய் இல்லை. குவானாஹுவாத்தோ மாநிலம் சில ஆண்டுகளாகவே மெக்சிகோவில் கொலைகள் மிக அதிகம் நடக்கும் மாநிலங்களில் ஒன்று. எண்ணெய்க் குழாயில் எரிபொருள் திருடும் கும்பல்களும் போதைக் கும்பல்களும் அடித்துக்கொள்கின்றன. அது பெரும்பாலும் நடப்பது செலாயா, சலமாங்கா, இராபுவாத்தோ போன்ற தொழில் நகரங்களின் பக்கம். தலைநகரம் பல்கலைக்கழக ஊர். மாணவர்களும் சுற்றுலாப் பயணிகளுமாக அங்கே நிலைமை வேறு. அதற்காக ஒன்றுமே நடக்காது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

நான் கடைப்பிடித்தது இவ்வளவுதான். ஊருக்கு ஊர் போவதெல்லாம் பகலில், முதல் வகுப்புப் பஸ்ஸில். கார் வாடகைக்கு எடுக்கவில்லை. இரவில் நடுப்பகுதியை விட்டு விலகவில்லை, ஆளில்லாத சந்தில் ஏறவில்லை. பாஸ்போர்ட் அறையில், அதன் நகல் கையில். அவசர எண் 911.

ஊருக்குள் மாலை ஏழு மணிக்கு மேல்தான் கூட்டமே கூடும். தியாத்ரோ ஹுவாரெஸ் என்ற 1903ஆம் ஆண்டு நாடக அரங்கின் படிக்கட்டில் பாட்டிகள், காதலர்கள், பலூன்காரர், ஐஸ்கிரீம் நக்கும் குழந்தைகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படியில் தனியாக உட்கார்ந்திருந்த என்னை யாரும் ஒரு பொருட்டாகவே பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய சுகம் எனக்குத் தெரிந்து இல்லை. எந்நேரமும் விசில் சத்தமும் முறைப்பும் இருக்கும் என்று தயாராகப் போயிருந்தேன். இரண்டு பயணத்திலும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான் முகம் சுளிக்கும்படி ஆனது. அதுவும் இன்னொரு சுற்றுலாப் பயணியால்.

வழி தவறிவிடுமா?

தவறும். முதல் நாள் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடுதிக்கு வழி பார்க்க போனை எடுத்தேன். நீலப் புள்ளி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். 'சேர்ந்துவிட்டீர்கள்' என்று போன் சொன்னபோது நான் சுரங்கச் சாலையின் ஓரத்தில், இரண்டு பக்கமும் ஈரக் கல் சுவருக்கு நடுவில் நின்றிருந்தேன். பக்கத்தில் பஸ் ஹாரன். விடுதி எங்கே? நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மாளிடம் முகவரியைக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, விரலை நேராக வானத்தை நோக்கி நீட்டி, "அர்ரீபா" என்றார். மேலே! விடுதி என் தலைக்கு மேல் இருந்தது. சுவரில் ஒரு கதவில்லாத வாசல், அதற்குள் படிக்கட்டு, ஏறினால் பூத்தொட்டிகளோடு ஒரு சதுக்கம்.

தட்டையான வரைபடம் இந்த ஊருக்கு ஒத்துவராது. உயரத்தை வைத்துத்தான் வழி பிடிக்க வேண்டும். தொலைந்துபோனால் கீழே இறங்கிக்கொண்டே இருங்கள். எல்லாச் சந்துகளும் கடைசியில் பள்ளத்தாக்கின் நடுத் தெருவில் வந்து விழும். மஞ்சள் நிறப் பெரிய தேவாலயம் கண்ணில் பட்டால் நடு ஊருக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எங்கே தங்குவது?

முன்பதிவு செய்யும் முன் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டாக்ஸி நிற்கிற இடத்திலிருந்து எத்தனை படி? 'அழகான காட்சி' என்று விளம்பரத்தில் இருந்தால் 150 படி என்று எடுத்துக்கொள்ளலாம். சக்கரப் பெட்டி இங்கே சுமைதான், முதுகுப்பை எடுத்துப் போங்கள்.

தூக்கம் லேசானவர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்வது நல்லது. இரவில் பாட்டுக் கோஷ்டி, மொட்டை மாடி நாய்கள். அப்புறம் ஏதாவது புனிதரின் திருநாள் என்றால் விடியற்காலையில் வானவெடி. நம் கோயில் திருவிழா அதிர்வேட்டு கேட்டு வளர்ந்தவர்கள் திரும்பிப் படுத்துக்கொள்வோம், எதிர் அறை ஐரோப்பியர் எழுந்து வராந்தாவில் நிற்பார்.

ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாதே?

ஒரு ஐம்பது வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள். விடுதிகளில் ஓரளவு ஆங்கிலம் இருக்கும், சந்தையிலும் பஸ்ஸிலும் இருக்காது. கடைக்குள் நுழைந்ததும் 'புவேனோஸ் தியாஸ்', மதியத்துக்கு மேல் 'புவேனாஸ் தார்தெஸ்' சொல்லாமல் நேராக விலை கேட்பது மரியாதைக் குறைவு. முகமன் சொன்னால் போதும், பாதி வேலை முடிந்தது.

'அஓரீத்தா' என்றால் அகராதிப்படி 'இப்போதே'. நடைமுறையில் நம் "இதோ வந்துட்டேன்" போலத்தான். ஐந்து நிமிடமும் ஆகலாம், ஆள் வராமலும் போகலாம்.

எனக்குப் பிடித்த வார்த்தை 'ப்ரோவேச்சோ'. நன்றாகச் சாப்பிடுங்கள் என்பது போல. சாப்பிட்டு முடித்து எழுந்து போகிறவர், வழியில் உள்ள மேசைக்காரர்களுக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு, இதைச் சொல்லிவிட்டுப் போவார். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் எல்லாரும் நம்மையே பார்ப்பது போல ஒரு கூச்சம் வரும் இல்லையா? முதல் நாள் மதியம் ஒரு தாத்தா தொப்பியைத் தொட்டு எனக்கு 'ப்ரோவேச்சோ' சொல்லிவிட்டுப் போனார். அதோடு அந்தக் கூச்சம் போய்விட்டது. கிளம்பும்போது நானும் அடுத்த மேசைக்குச் சொன்னேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் விழிப்பாக இருக்க வேண்டும். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொல்லாதீர்கள். பலருக்கு 'கார்னே' என்றால் மாட்டிறைச்சி போன்றவைதான், கோழியும் பதப்படுத்திய பன்றித் தொடையும் அந்தக் கணக்கில் வராது. நான் அப்படிச் சொன்ன முதல் நாள் ரொட்டிக்கு நடுவில் ரோஜா நிறத்தில் பன்றித் தொடைத் துண்டு, அதாவது 'ஹமோன்', வந்தது. கடைக்கார அம்மாளுக்கு என் முகம் ஏன் மாறியது என்றே புரியவில்லை. பிறகு முழு மந்திரமாகச் சொல்லப் பழகினேன்: சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ. இறைச்சி, கோழி, ஹமோன், மீன் எதுவும் வேண்டாம்.

மறைந்திருப்பவை இரண்டு. மசித்த பீன்ஸிலும், 'தமால்' என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டையிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அதற்கு 'மந்தேக்கா' என்று பெயர். சிவப்புச் சோற்றைக் கோழி வேகவைத்த நீரில் வடிப்பதும் உண்டு. இதில் கண்டிப்பாக இருப்பவர்கள் சமையலறை உள்ள அறையாக எடுத்துவிட்டு, இதால்கோ சந்தையில் காய் வாங்கிக்கொள்வது உத்தமம். 1910இல் திறந்த அந்தச் சந்தை, இரும்புக் கூரையோடு பார்க்க இரயில் நிலையம் போலவே இருக்கும்.

ஊரின் பெயர் சொல்லும் சாப்பாடு 'என்சிலாதாஸ் மினேராஸ்', சுரங்கத் தொழிலாளர் என்சிலாதா. மக்காச்சோள அடையைச் சிவப்பு மிளகாய்ச் சாற்றில் தோய்த்து எண்ணெயில் புரட்டி, உள்ளே பாலாடைக்கட்டி வைத்து மடித்து, மேலே உருளைக்கிழங்கும் கேரட்டும் வதக்கிப் போடுவார்கள். கோழி வைப்பதும் உண்டு என்பதால் 'தே கேசோ' என்று சொல்லிப் பாலாடைக்கட்டி கேளுங்கள். சப்பாத்திக்கள்ளியின் மடலை, அதான் 'நோபால்', முள் சீவி நறுக்கிச் சுட்டுத் தருவார்கள். வெண்டைக்காய் போலக் கொழகொழப்பு, லேசான புளிப்பு.

தெருவில் மாங்காய்த் துண்டின் மேல் எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நீட்டியபோது பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்துவிட்டது. மிளகாய் இந்த நாட்டிலிருந்து கிளம்பிப் போர்த்துக்கீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது. மாம்பழம் நம் பக்கத்திலிருந்து இங்கே வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பையில்.

மம்மி மியூசியம் பார்க்கலாமா?

ஊரின் பெரிய கவர்ச்சியே அதுதான் என்பார்கள். நான் ஒரு தடவை போனேன், இரண்டாம் முறை போகவில்லை.

எகிப்தில் போல யாரும் இந்த உடல்களைப் பதப்படுத்தவில்லை. இங்கே கல்லறை மாடத்தில் பிணம் கிடப்பதற்கு வரி கட்ட வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டார்கள். கட்டாத குடும்பத்தின் பிணத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். 1865இல் முதலாவதாக எடுத்த உடல் மட்காமல் தோல் காய்ந்து அப்படியே இருந்தது. வறண்ட காற்றும் மூடிய கல் மாடமும்தான் காரணம். அதன்பின் எடுத்தவற்றில் பலவும் அப்படியே இருந்ததால், பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கத் தொடங்கினார்கள்.

வரி கட்ட வழியில்லாதவர்களின் உடல் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் நடையே தயங்குகிறது. காலில் காலுறை இன்னும் மாட்டியிருக்கும் ஒருவர், கைக்குழந்தைகள். பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. மெக்சிகர்கள் சாவோடு பழகும் விதம் வேறு என்பது உண்மைதான், அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான். குழந்தையை இழந்தவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

முத்தச் சந்துக்குத் தனியாகப் போய் என்ன செய்வது?

கயெஹோன் தெல் பேசோ. எதிரெதிர் பால்கனிகள் தொட்டுக்கொள்ளும் அளவு குறுகிய சந்து. மூன்றாம் படியில் நின்று முத்தமிட்டால் ஏழு ஆண்டு அதிர்ஷ்டம் என்று ஐதீகம். வரிசையில் நிற்கும் ஜோடிகள் தனியாக வருகிறவரைப் பார்த்ததும் போனை நீட்டிப் படம் எடுத்துத் தரச் சொல்வார்கள். நான் ஆறு ஜோடிகளுக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தேன்.

சரித்திரம் பிடித்தவர்களுக்கு ஏதாவது?

அல்ஓந்திகா தே க்ரானாதித்தாஸ். பெயர் நீளமானாலும் தானியக் கிடங்குதான். 1810 செப்டம்பரில், இதே மாநிலத்தின் தொலோரெஸ் ஊரில் பாதிரியார் மிகேல் இதால்கோ ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டிப் புறப்பட்டார். செப்டம்பர் 28இல் அந்தக் கூட்டம் இங்கே வந்தது. ஸ்பானியர்கள் குடும்பத்தோடும் வெள்ளியோடும் இந்தக் கிடங்குக்குள் கதவடைத்துக்கொண்டார்கள். பீப்பிலா என்ற பட்டப்பெயர் கொண்ட சுரங்கத் தொழிலாளி, குண்டு படாமலிருக்க ஒரு கற்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு ஊர்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தார் என்பது இந்த ஊர்க் கதை. உள்ளே இருந்தவர்களைக் கூட்டம் கொன்று குவித்தது. மறு வருடம் இதால்கோவும் மூன்று தளபதிகளும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு தலைகளும் இதே கட்டடத்தின் நான்கு மூலைகளில் கூண்டில் தொங்கவிடப்பட்டு, பத்து ஆண்டு அப்படியே கிடந்தன. மூலையில் அந்தந்தப் பெயர்கள் இன்றும் பொறித்திருக்கின்றன. உள்ளே இப்போது அருங்காட்சியகம்.

பீப்பிலாவின் பெரிய சிலை குன்றின் மேல் இருக்கிறது. நாடக அரங்குக்குப் பின்னாலிருந்து இழுவை ரயில் உண்டு. ஏறப் படியிலும் இறங்க ரயிலிலும் போகாதீர்கள், அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். சூரியன் சாயும் நேரம் மேலே இருந்தால் முழு ஊரும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

ஓவியர் தியேகோ ரிவேரா 1886இல் பிறந்த வீடும் இங்கேதான், அருங்காட்சியகமாக இருக்கிறது. சற்றுத் தள்ளி லா வலென்சியானா சுரங்கம். அதன் எதிரே 1788இல் கட்டி முடித்த சான் கயெத்தானோ தேவாலயத்தின் தங்கப் பூச்சுப் பலிபீடத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சுரங்க வாயையும் போய்ப் பாருங்கள். முதலாவதன் செலவு எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவதில் தெரியும்.

மாலையில் தனியாகப் போரடிக்காதா?

மாலையில்தான் போரடிக்காது. சான் தியேகோ தேவாலயத்தின் முன்னால் பழங்கால மாணவர் உடையில், கறுப்பு வெல்வெட்டும் அங்கியுமாகப் பாடகர்கள் கூடுவார்கள். டிக்கெட் வாங்கினால் கிட்டாரோடு சந்து சந்தாக நம்மைக் கூட்டிப் போவார்கள். இதற்குக் 'கயெஹோனேயாதா' என்று பெயர். நடுநடுவே ஸ்பானிஷில் கடி ஜோக். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பக்கத்து அத்தை சிரிக்கும்போதெல்லாம் நானும் சிரித்து வைத்தேன்.

எந்த மாதம், எத்தனை நாள்?

நவம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவு, இரவில் குளிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அக்டோபரில் செர்வான்தினோ கலைவிழா, 1972இலிருந்து நடக்கிறது. அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. கலைவிழாவுக்காகவே போகிறவர்கள் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். சனி, ஞாயிறில் உள்ளூர்க் கூட்டம், ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை நல்லது. ஊருக்கு மூன்று இரவு போதும். கூடுதல் நாள் இருந்தால் தொலோரெஸ் போய் வாருங்கள். அந்தச் சதுக்கத்தில் அவகாடோ, பாலாடைக்கட்டி என்று வினோதச் சுவைகளில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.

தண்ணீர், கழிப்பறை?

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். சென்னையில் போலவே 20 லிட்டர் கேன் எல்லா வீட்டிலும் இருக்கும். காகிதத்தைக் கழிப்பறையில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுங்கள், குழாய்கள் பழையவை. கைத்தெளிப்பான் கிடையாது, என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும்.

அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்?

வெள்ளி நகை வாங்கினால் தரத்தைக் காட்டும் 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கியது சராமுஸ்கா. வெல்லப்பாகை இழுத்து முறுக்கிச் செய்யும் மிட்டாய், மம்மி உருவத்தில், முகமும் கட்டிய கைகளுமாக, செலோபேன் தாளில் சுற்றித் தருவார்கள். வீட்டுக்கு நாலு வாங்கினேன். பெட்டியில் வந்ததில் மூன்று உடைந்துபோயிருந்தன. அம்மா ஒரு தலையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கடவாயில் ஒதுக்கி வைத்திருந்துவிட்டு, "நம்ம கமர்கட்டுதானேடி இது, தேங்காய் மட்டும் இல்ல" என்றாள்.